சத்தமா வை

மார்ச் 3

தம்பிக்கு,

அம்மாவின் முட்டிவலி எப்படி, உன் ரூமில் தண்ணீர் வருகிறதா என்றெல்லாம் கேட்டுவிட்டுத்தான் எப்போதும் தொடங்குவேன். இன்று அதற்கு மனசில்லை.

காலையில் பிரஸ்ஸுக்கு ஒரு சினிமா பானர் வந்தது. கருப்பும் சிவப்பும் தடம் விழாமல் அடிக்க எனக்குத்தான் வரும் என்று முதலாளியம்மா அந்த வேலையை என்னிடம் கொடுத்துவிட்டார். நீள பானரை மிஷின் படுக்கை வசமாக அடிக்கும். தலைப்பு ஒவ்வொரு எழுத்தாக வெளியே வரும். முதலில் ஒரு பெண்ணின் முகம் வந்தது, காதோரம் ரத்தம் வழிய. பிறகு 'சத்' என்று வந்தது. சத்தியம் என்று ஏதோ போலீஸ் படம் போல என்று நினைத்துக்கொண்டு மை ஊற்றப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் 'சத்தமா வை' என்று முழுசாக வந்து கிடக்கிறது. அதன் கீழே, இயக்கம் என்று போட்டு, உன் பெயர்.

பின்கட்டுத் தொட்டியில் போய் வாந்தி எடுத்தேன். முதலாளியம்மா மை வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மின்விசிறியைத் திருப்பி வைத்தார்.

இந்த இரண்டு வார்த்தையும் என்னவென்று உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். சொன்ன ஆளுக்கு. கேட்ட எனக்கு. பிறகு உனக்கு. ஆஸ்பத்திரியில், காதில் பஞ்சு அடைத்துக் கிடந்தபோது, நீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய் என்பதால் சொன்னேன். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. நீ அன்று தேம்பித் தேம்பி அழுதாய். அழுதுகொண்டே இது நல்ல தலைப்பு என்றும் யோசித்தாயா?

மாற்று. வேறு எந்தப் பெயர் வேண்டுமானாலும் வை. மற்ற பானர்கள் அடுத்த வாரம்தான் அடிக்க வேண்டும்.

அக்கா

மார்ச் 10

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுக்க எடிட்டிங் அறைக்குப் போகவில்லை. உன் பிரஸ்ஸுக்கே அந்த வேலை வரும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. விளம்பரத்தைப் பார்க்கிறவர்கள் எங்கே மலிவோ அங்கே கொடுக்கிறார்கள்.

மாற்ற முடியாது அக்கா. முயற்சி செய்யாமல் சொல்லவில்லை. தயாரிப்பாளரிடம் போய் 'இருட்டறை' என்று வைக்கலாமா என்று கேட்டேன். "ஏன்டா, ஓடுற குதிரை காலை நீயே உடைக்கிற" என்று சிரித்தார். அந்தப் பெயரில் ஒரு பாட்டு வேறு வெளியாகி, கல்லூரிப் பிள்ளைகள் அதற்கு ஆடுகிறார்கள்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். ஆமாம், அழுதுகொண்டேதான் யோசித்தேன். ஆனால் தலைப்பை யோசிக்கவில்லை. அந்த ஆளை எப்படிக் கொல்லலாம் என்று யோசித்தேன். எனக்கு ஆளை அடிக்கத் தெரியாது, படம் எடுக்கத்தான் தெரியும். கோர்ட் அவருக்குக் கொடுத்தது ஒன்றரை வருடம். இப்போது வெளியே வந்து மறுபடி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார் என்று அம்மா சொன்னாள். என் படத்தில் அவருக்கு அந்த வசதி கிடையாது. கடைசிக் காட்சியில் அவள் சுத்தியலை எடுக்கிறாள். நான் அங்கே வந்திருந்தபோது நீ பானர் மூலையில் கயிறு கட்ட இரும்பு வளையம் அடித்துக்கொண்டிருந்தாயே, அதைப் பார்த்துத்தான் அவள் கையில் சுத்தியல் கொடுத்தேன். அந்தக் காட்சியை எடுத்து முடித்த அன்றுதான் நான் நன்றாகத் தூங்கினேன்.

யார் கேட்டாலும் அர்த்தம் சொல்ல மாட்டேன். அது என் வாக்கு.

உன் வாலு

மார்ச் 19

தம்பிக்கு,

தலைப்பு இருக்கட்டும். ஆனால் நீ அரைகுறையாகக் கேட்டதை வைத்துப் படம் எடுத்திருக்கிறாய். முழுசாகவும் கேட்டுக்கொள்.

அந்த ஆள் கத்தவே மாட்டார். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் இல்லையா, 'மெதுவா, கிளட்சை விடு, பயப்படாத' என்று பேசிப் பேசிக் குரலே அப்படி ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். வாட்சைக் கழற்றி அலமாரியில் வைப்பார். வாட்ச் கழன்றதும் நான் அடுப்பை அணைத்துவிடுவேன். பிறகு அதே குரலில், "சத்தமா வை" என்பார்.

அவர் எழுந்து போய் வைக்க மாட்டார். நான்தான் போக வேண்டும். ஹாலில் கருப்பு ஸ்பீக்கர், அதில் உருண்டையான திருகு. என் கையால் திருக வேண்டும். 'இன்னும்' என்பார். இன்னும் திருக வேண்டும். போதும் என்று அவருக்குத் தோன்றியதும் தலைமுடியைப் பிடிப்பார். நான் போட்ட அலறலை மூட நானே பாட்டு வைத்தேன். அதுதான்டா விஷயம். அடியெல்லாம் ஆறிவிட்டது. திருகின விரல்தான் இன்னும் ஆறவில்லை.

ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். எனக்கு உதடு கிழிந்து, சமையலறைத் தரையில் கிடக்கிறேன். யாரோ காப்பாற்ற வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். "சார், பிள்ளைக்குப் பரீட்சை, கொஞ்சம் குறைங்களேன்" என்றார் அவர். இவர் மன்னிப்புக் கேட்டார். உள்ளே வந்து குறைத்தார். அன்றைக்கு அதோடு விட்டுவிட்டார். அந்தப் பிள்ளைக்குத் தினமும் பரீட்சை இருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

உன் படத்தில் பக்கத்து வீட்டுக்காரன் கதவை உடைத்துக்கொண்டு வருகிறானாமே, விளம்பரத்தில் பார்த்தேன். நல்லது.

வாக்குக் கொடுத்திருக்கிறாய். காப்பாற்று. போன் இருந்ததால்தான் போன தடவை அந்த ஆள் என்னைக் கண்டுபிடித்தார். அதனால்தான் இப்போது நாம் இப்படிக் கடிதத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அக்கா

ஏப்ரல் 16

அக்காவுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

பிரஸ்ஸுக்குப் போன் செய்தேன். முதலாளியம்மாதான் எடுத்தார்கள். உன்னை எச்சரிக்கச் சொன்னேன். சொல்லிவிட்டார்கள் அல்லவா? இதற்குள் நீ அங்கிருந்து கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பாவிட்டால் இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பு.

நடந்ததைச் சொல்கிறேன். படம் வெளியான வாரம் ஒரு பேட்டி. எல்லோரும் கேட்கிற கேள்விதான்: "இந்தத் தலைப்புக்குப் பின்னால என்ன கதை?" மற்ற இடங்களில் மழுப்பியிருந்தேன். இங்கே கேட்ட பெண், இது இளைஞர்களை ஆட வைக்கிற தலைப்பு, கொண்டாட்டமான தலைப்பு என்றாள். எனக்குச் சுரீரென்றது. கொண்டாட்டம் இல்லை என்றேன். என் அக்கா என்றேன். அவளுக்குக் கண் கலங்கியது, எனக்கும் கலங்கியது. நிறுத்த முடியவில்லை. இந்தப் படத்தின் பானரையே அக்காதான் அடித்தாள், எங்கோ ஓர் ஊரில், தம்பி படம் என்று தெரியாமலே அடித்தாள் என்றும் சொன்னேன். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. பானரின் கீழ் மூலையில் பிரஸ் பெயரும் ஊரும் பொடி எழுத்தில் இருக்கும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

நான்கு நாள் கழித்து, மத்தியானம், ரூமுக்கு மாமா வந்தார். மாமா என்று எழுதிவிட்டேன், பழக்கதோஷம். அந்த ஆள் வந்தார். படம் நன்றாக இருப்பதாகச் சொன்னார். கதவைச் சாத்தினார். வாட்சைக் கழற்றி என் மேசைமேல் வைத்தார்.

"சத்தமா வைடா" என்றார்.

நான் ஆம்பளை, முப்பது வயது, அந்த வாக்கியத்தை வைத்துப் படமே எடுத்தவன். எழுந்து போய் டிவி சத்தத்தைக் கூட்டினேன் அக்கா. 'இன்னும்' என்றார். கூட்டினேன். என் வலது கையைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினார். பிறகு திறந்தார். மறுபடி சாத்தினார். நீ எங்கே என்று கேட்டார். நான் சொல்லவில்லை. விலாவில் உதைத்தார். அப்போதும் சொல்லவில்லை. "பரவாயில்ல, பானர் ஊர் முழுக்கத் தொங்குது, குனிஞ்சு படிச்சா தெரியுது" என்று சொல்லிவிட்டு வாட்சைக் கட்டிக்கொண்டு போனார். ஏற்கனவே தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறார். சும்மா அடித்துவிட்டுப் போக வந்திருக்கிறார்.

வாக்கு தவறிவிட்டேன். நீ திட்டு. உயிரோடு இருந்து திட்டு.

வாலு

மே 2

தம்பிக்கு,

மகளிர் சிறையிலிருந்து எழுதுகிறேன். படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். படிக்கட்டும், போலீஸிடமும் இதையேதான் சொன்னேன்.

நீ போனில் சொன்னதை முதலாளியம்மா அப்போதே சொன்னார். பையை எடுத்து வைத்துக்கொண்டேன். ஆனால் போகவில்லை. ஊர் மாறி ஊர் மாறி, வாடகைக்கு வீடு கேட்டு, புருஷன் எங்கே என்ற கேள்விக்குப் பொய் சொல்லி, எனக்கு அலுத்துவிட்டது. ஒரு நாள் யோசிக்கலாம் என்று இருந்தேன். அந்த ஒரு நாளில் வந்துவிட்டார்.

முதலாளியம்மா பேங்குக்குப் போயிருந்தார். நான் தரையில் உட்கார்ந்து வளையம் அடித்துக்கொண்டிருந்தேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு இடது காது கேட்காது, உனக்குத்தான் தெரியுமே; அந்தப் பக்கமாக வந்திருக்கிறார். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தேன். மிஷினை ஒரு பார்வை பார்த்தார், திருப்தியாகத் தலையசைத்தார். இங்கே சத்தம் வைக்கச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை அவருக்கு.

முடியைப் பிடித்துத் தூக்கி மிஷின் சட்டத்தில் முகத்தை மோதினார். பல் ஒன்று தெறித்தது. இரண்டாவது மோதலில் மூக்கு உடைந்தது. ஈரம் காயாத பானர்மேல் ரத்தம் விழுந்து மையோடு கலந்துகொண்டிருந்தது. கழுத்தைப் பிடித்துக்கொண்டு, எப்போதும்போல மெதுவாக, "தம்பிகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டியா" என்றார்.

கையில் சுத்தியல் இருந்தது. நான் எடுக்கவில்லை, வளையம் அடித்த கை, அதைக் கீழே போடவே இல்லை. முட்டியில் அடித்தேன். ஒரு பக்கமாகச் சாய்ந்தார். தாடையில் அடித்தேன். விழுந்தார்.

இதுவரை தற்காப்பு என்று வக்கீல் சொல்கிறார். இதற்குப் பிறகு நடந்ததையும் எழுதுகிறேன். அவர் விழுந்த பிறகும் அடித்தேன். கையைத் தூக்கி வேண்டாம் என்று காட்டினார். அந்தக் கையில் அடித்தேன். அவர் கத்தினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் கத்தி நான் கேட்டதில்லை. வெளியே டீ குடித்துக்கொண்டு ஆட்கள் நிற்பது கண்ணாடி வழியே தெரிந்தது. மிஷின் சத்தத்தில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. அது எனக்குச் சௌகரியமாக இருந்தது. அப்படித் தோன்றியதும்தான் சுத்தியலைக் கீழே போட்டேன். அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அந்த நிமிடம் எனக்குப் புரிந்தது. அது புரியாமலே நான் செத்திருக்கலாம்.

பிழைத்துவிட்டார். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்களாம்.

உன்மேல் கோபம் இருக்கிறது. உன் கை எப்படி இருக்கிறது என்றும் எழுது.

அக்கா

மே 21

அக்காவுக்கு,

கட்டுப் பிரித்துவிட்டார்கள். நடுவிரல் மடங்கவில்லை, மற்றபடி பேனா பிடிக்கிறது.

நம் வக்கீல் வந்திருந்தார். இரண்டு பேர் மேலும் உள்ள வழக்கைச் சேர்த்து விரைவு நீதிமன்றத்தில் எடுக்கிறார்களாம், என்னையும் சாட்சிக்கு அழைக்கப்போகிறார்கள். அந்த ஆளின் வக்கீல் என் படத்தையே ஆதாரமாகக் கொண்டுவருகிறாராம். படத்தில் பெண் சுத்தியலால் அடிக்கிறாள், நிஜத்திலும் சுத்தியல். ஆகவே அக்காவும் தம்பியும் கூடிப் பேசி, வரவழைத்து அடித்தார்கள் என்பது அவர்கள் கதை. திரைக்கதை எழுத என்னைவிட நன்றாக வருகிறது அவருக்கு.

நம் வக்கீல் ஒரு வழி சொல்கிறார். தலைப்பு சும்மா கற்பனையில் வந்தது, பேட்டியில் விளம்பரத்துக்காகக் கண்ணீர் விட்டேன் என்று நான் சொல்லிவிட வேண்டும். போலீஸிடம் கொடுத்த வாக்குமூலத்தை, தலையில் அடிபட்ட மயக்கத்தில் சொன்னதாக நீ மாற்ற வேண்டும். அப்படிச் செய்தால் அடுத்த மாதமே நீ வெளியே வந்துவிடலாம்.

ஒரு தடவை உன்னைக் கேட்காமல் பேசினேன். இந்தத் தடவை கேட்கிறேன். நான் என்ன சொல்லட்டும்?

வாலு

மே 30

தம்பிக்கு,

நடந்ததைச் சொல். கற்பனை என்று நீ சொன்னால், அந்த ஆள் சொல்லவே இல்லை என்று ஆகிவிடும். ஏற்கனவே பத்துப் பதினைந்து வீடுகள் இருந்த தெருவில் யார் காதிலும் விழாத வார்த்தை அது. கோர்ட்டிலாவது ஒருதடவை விழட்டும்.

விழுந்த பிறகு அடித்ததையும் மறைக்க வேண்டாம். எனக்காகப் பொய் சொல்ல ஆரம்பித்தால், எது பொய் எது நிஜம் என்று அவர்கள் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அம்மாவைக் கோர்ட்டுக்குக் கூட்டி வராதே. அந்த ஆளைப் பார்த்தால் வயசைப் பார்க்காமல் செருப்பைக் கழற்றுவாள்.

அக்கா

ஜூலை 9

அக்காவுக்கு,

கூண்டில் நின்றபோது உன் பக்கம் பார்க்கவே இல்லை என்று கோபப்பட்டிருப்பாய். பார்த்திருந்தால் வாய் வந்திருக்காது. மூக்கு அப்படிக் கோணிப்போயிருக்கிறது என்று நீ எழுதவே இல்லையே.

அந்த வக்கீல் கேட்டதெல்லாம் உனக்கும் கேட்டிருக்கும். யார் யாருக்குச் சுத்தியலைச் சொல்லிக்கொடுத்தது என்றார். அக்காவின் வேலையைப் பார்த்துத்தான் நான் எழுதினேன், என் படத்தைப் பார்த்து அக்கா எதுவும் செய்யவில்லை, அவள் இன்னும் படமே பார்க்கவில்லை என்றேன். பிறகு அந்த அம்மா, நீதிபதி, கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்கள்: "தலைப்புக்கு என்ன அர்த்தம்?"

பேட்டியில் சொன்ன மாதிரி வரவில்லை. நீ எழுதியதைச் சொன்னேன். பிறகு, "என் ரூம்ல என்கிட்டயும் அதையே சொன்னாரு. நானே எந்திரிச்சுப் போய்க் கூட்டினேன். படம் எடுத்தப்போ எனக்கு அர்த்தம் தெரியாது, அன்னைக்குத்தான் தெரிஞ்சது" என்றேன். அந்த ஆள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பி கட்டிய வாயால் ஏதோ சொல்லப் பார்த்தார். யாருக்கும் புரியவில்லை.

நம் இரண்டு பேரையும் அடித்ததற்காக அவருக்கு எட்டு வருடம். உனக்கு, விழுந்த பிறகு அடித்ததற்காக, ஆறு மாதம்; இருந்த நாட்களைக் கழித்துக்கொள்ளச் சொன்னார்கள். நியாயமான தீர்ப்பு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. நான் பொய் சொல்லியிருந்தால் இன்று நீ அம்மா பக்கத்தில் இருந்திருப்பாய்.

இரண்டாம் பாகம் எடுக்கிறார்களாம், பிரஸ்ஸில் நடக்கிற சண்டையோடு. என்னைக் கேட்டார்கள். மாட்டேன் என்றேன். வேறு ஒருவரைப் பிடித்துவிட்டார்கள். தலைப்பு தயாரிப்பாளருக்குத்தான் சொந்தமாம், சட்டப்படி.

வாலு

அக்டோபர் 24

தம்பிக்கு,

வெளியே வந்து ஒரு வாரம் ஆகிறது. முதலாளியம்மா சிறை வாசலிலேயே வந்து நின்று கூட்டிக்கொண்டு போனார். பழைய மிஷினை விற்றுவிட்டுப் புதிது வாங்கியிருக்கிறார். சத்தம் குறைவு. நான் கேட்காமல் செய்த காரியம், நன்றி சொன்னால் முறைக்கிறார்.

உன் படத்தைப் பார்த்தேன். இரண்டாம் பாகம் வரப்போகிறது என்று பழையதைச் சின்னத் தியேட்டரில் மறுபடி ஓட்டுகிறார்கள். மத்தியானக் காட்சி, பாதி நாற்காலி காலி. உண்மையைச் சொல்கிறேன், சண்டைக் காட்சி சகிக்கவில்லை. அத்தனை அடி வாங்கியும் அந்தப் பெண்ணுக்குத் தலைமுடி கலையவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் கதவை உடைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் முதல்முறை அவன் அந்த வார்த்தையைச் சொல்கிற இடம். அவன் சொன்னதும், எனக்கு முன்வரிசையில் புருஷனோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி சட்டென்று எழுந்து வெளியே போனாள். நானும் எழுந்து போனேன், என்னாலும் அங்கே உட்கார முடியவில்லை. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். நல்ல புடவை, நகப்பூச்சு, என்னைவிடச் சின்ன வயது. முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள். என் மூக்கைப் பார்த்தாள்.

"எங்க வீட்டுல மிக்ஸி" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். பேனா பேப்பர் என்னிடம் இல்லை. இருந்திருந்தாலும் அவள் கையில் எதையும் எடுத்துப்போக முடியாது. பிரஸ் பெயரையும் தெருவையும் வாயால் சொன்னேன். அவள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். தெருப் பெயரைத் தப்பாகச் சொன்னாள், திருத்தினேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, உள்ளே போய்ப் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இன்னும் வரவில்லை. நான் சாப்பிடப் போயிருக்கும்போது வந்தால் உள் அறையில் உட்கார வைக்கும்படி முதலாளியம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். யார், என்ன பெயர் என்று கேட்டார். தெரியாது என்றேன்.

அக்கா